சிறுகதையைப் படமாக்கக் கேட்கிறார்கள்: எப்படி எழுதுவது, எதில் கையெழுத்துப் போடுவது?

10 ஜூன் 2023 (கேள்வி)

என் சிறுகதை ஒன்றைப் படமாக எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஓர் உதவி இயக்குநர் பேசினார். முதல் படம் பண்ணப் போகிறவர். திரைக்கதையையும் நீங்களே எழுதுங்கள் என்கிறார். இதுவரை பதினாறு சிறுகதை எழுதியிருக்கிறேன், ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. திரைக்கதை எழுதியதில்லை. கதையில் முக்கால்வாசி அந்தப் பெண் மனதுக்குள் நினைப்பதுதான். அதையெல்லாம் வாய்ஸ் ஓவரில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா? அப்புறம், எவ்வளவு கேட்பது? ஒரு பக்கக் கடிதம் அனுப்பி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இதில் அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

10 ஜூன் 2023, இரவு

கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

11 ஜூன் 2023

எனக்குக் கோவில்பட்டி. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையை வைத்து நான் எழுதிய சிறுகதையை 2019-ல் படத்துக்குக் கேட்டார்கள். உங்களுக்கு வந்ததைப் போலவே ஒரு பக்கக் கடிதம். இந்தக் கதையைத் திரைப்படமாக்கும் உரிமையை வழங்குகிறேன் என்று நான்கு வரி, கீழே தேதி, கையெழுத்து. அட்வான்ஸ் 25,000 ரூபாய். வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, சென்னை சாலிகிராமத்தில் ஓர் அறையில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நான்கு மாதம் உட்கார்ந்தேன். காலையில் எல்லோரும் உட்கார்ந்து கதையைப் பேசும் டிஸ்கஷன், சாயங்காலம் எழுத்து. முழுத் திரைக்கதையையும் ஏழு தடவை எழுதினேன். டிசம்பர் கடைசியில் தயாரிப்பாளர் வேறு படத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் போனை எடுக்க ஆள் இல்லை.

அதையாவது விட்டுவிடலாம். 2021-ல் இன்னொருவர் இதே கதையைக் கேட்டு வந்தார். பழைய இடத்தில் விசாரித்திருக்கிறார். உரிமை எங்களிடம் இருக்கிறது என்று பதில் போயிருக்கிறது. அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. எந்த மொழிக்கு என்று இல்லை. மொத்தப் பணம் எவ்வளவு என்று இல்லை. எத்தனை தடவை திருத்தி எழுத வேண்டும், படம் எடுக்காவிட்டால் கதை யாருக்கு, டைட்டிலில் பெயர் எப்படி வரும், எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தில் இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

12 ஜூன் 2023

வாய்ஸ் ஓவர் விஷயம். என் கதையில் ஒரு மளிகைக் கடைக்காரர். அவருடைய பற்று நோட்டில் ஒரு பக்கம் ஒரு லாரி டிரைவருக்கு. டிரைவர் விபத்தில் இறந்து போகிறான். பாக்கி 1,840 ரூபாய். காரியம் எல்லாம் முடிந்து அவன் மனைவி சாமான் வாங்க வருகிறாள். பாக்கியைக் கேட்பதா, விட்டுவிடுவதா என்று கடைக்காரர் யோசிப்பது கதையில் இரண்டரைப் பக்கம். சிறுகதையாக அந்தப் பக்கங்கள் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

முதல் வரைவில் அந்த இரண்டரைப் பக்கத்தையும் வாய்ஸ் ஓவரில் போட்டுவிட்டேன். டிஸ்கஷனில் படித்துக் காட்டினேன். அங்கே ஒரு கோ-டைரக்டர் (இணை இயக்குநர்) இருந்தார், ஐம்பது வயதுக்கு மேல். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி சார், இது ஓடுறப்ப அவர் கை என்ன பண்ணுது?"

என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவின் கை என்ன பண்ணும் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். பொட்டலம் கட்டும். யாரிடம் பேசினாலும், சண்டை போட்டாலும், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டாலும் கை மட்டும் பொட்டலம் கட்டிக்கொண்டே இருக்கும். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, நாலு சுற்று, ஒரு முடிச்சு, ஒரு வெட்டு இழுப்பு. விடியற்காலையில் காட்சி வந்துவிட்டது. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறார். அந்தத் தாளிலேயே கால் கிலோ சீனியைக் கட்டி அவளிடம் கொடுக்கிறார். வசனமே கிடையாது. இரண்டரைப் பக்கம் முக்கால் நிமிடத்தில் முடிந்தது.

உங்கள் கதையில் அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள் கை என்ன செய்கிறது? அங்கிருந்து தொடங்குங்கள்.

13 ஜூன் 2023

நேற்று எழுதியதைப் படித்தால் வாய்ஸ் ஓவரே கூடாது என்று சொன்னதுபோல இருக்கிறது. அப்படிச் சொல்ல வரவில்லை. படம் காட்டுவதையே குரலும் சொன்னால் ஒன்று வீண். படம் ஒன்றைக் காட்ட, குரல் அதற்கு மாறாகச் சொன்னால் பார்க்கிறவர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தானே யோசிக்க ஆரம்பிப்பார். ஊருக்குக் கடிதம் எழுதுகிறவன் இங்கே சௌக்கியம் என்கிறான், படத்தில் அவன் மழையில் ஒண்ட இடமில்லாமல் நிற்கிறான். அந்த மாதிரி இடம் உங்கள் கதையில் இருந்தால் குரலை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு திருத்தம். என் அக்காள் இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணினாள். நோட்டுத் தாள் ஒன்றில் கால் கிலோ சீனி நிற்காதாம், பிதுங்கிவிடுமாம். நூறு கிராம்தான் கட்டலாமாம். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில் உட்கார்ந்தவள், சொன்னால் சரியாக இருக்கும். ஏழு வரைவிலும் கால் கிலோ என்றே எழுதியிருக்கிறேன். நூறு கிராம்தான் கதைக்கும் நல்லது. கால் கிலோ வாங்க அவளிடம் ஏது காசு?

15 ஜூன் 2023

போன மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. எழுதுகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. சத்யஜித் ராயின் நாயக், 1966-ல் வந்த படம். திரைக்கதை ராய் எழுதியது, எடுக்கச் சொல்லிப் பணம் போட்டவர் வேறு. 2018-ல் அந்தத் திரைக்கதையை நாவலாக்கி ஒரு பதிப்பகம் வெளியிட்டது. தயாரித்தவர் குடும்பம் வழக்குப் போட்டது. படம் எங்களுடையது, அப்படியானால் திரைக்கதையும் எங்களுடையது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. படம் வேறு, திரைக்கதை வேறு. திரைக்கதை ஓர் இலக்கியப் படைப்பு, அதன் முதல் உரிமையாளர் எழுதியவர். ராய்க்குப் பின் அவர் மகன் தரப்பு கொடுத்த அனுமதி செல்லும் என்று தீர்ப்பு.

இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது, வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதனால் உங்கள் கடிதத்தில் மாதச் சம்பளம், பணியாளர் என்கிற மாதிரி சொற்கள் இருந்தால் கவனமாக இருங்கள். ராய் எந்தச் சம்பளத்திலும் இல்லை.

சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. படத்துக்காக எழுதியவர், தியேட்டருக்கு வெளியே படம் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமையைக் கையெழுத்துப் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ராயல்டி உட்பட சகல உரிமைகளையும் விட்டுத் தருகிறேன் என்ற வரி எத்தனையோ ஒப்பந்தங்களில் இன்னும் வருகிறது. அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தாலும் அது சட்டத்தின் முன் நிற்காது.

18 ஜூன் 2023

எவ்வளவு கேட்பது என்று கேட்டீர்களே, தொகையை என்னால் சொல்ல முடியாது. யார் எடுக்கிறார்கள், எவ்வளவு பட்ஜெட் என்பதைப் பொறுத்தது. எப்படிப் பிரித்துக் கேட்பது என்று சொல்கிறேன்.

கதையின் உரிமைக்கு ஒரு விலை. திரைக்கதை எழுதும் வேலைக்கு வேறு விலை. இரண்டையும் ஒரே தொகையாகப் பேசக் கூடாது. நான் அப்படிப் பேசித்தான் கெட்டேன். 25,000-ஐ ஏழு வரைவுக்கு வகுத்தால் ஒரு வரைவுக்கு 3,571 ரூபாய். கதையைச் சும்மா கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். கையெழுத்தின்போது ஒரு பகுதி, முதல் வரைவு கொடுக்கும்போது ஒரு பகுதி, கடைசி வரைவுக்கு ஒரு பகுதி, படப்பிடிப்பு தொடங்கும் நாளில் மீதி. ரிலீசுக்குப் பிறகு என்ற சொல்லுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், எழுதிய படங்கள் எல்லாம் ரிலீஸ் ஆவதில்லை. பேசிய தொகைக்குள் இரண்டு வரைவு, ஒரு மெருகு (சின்னச் சின்னத் திருத்தம் மட்டும்). அதற்கு மேல் ஒவ்வொரு வரைவுக்கும் தனிப் பணம். சென்னையில் தங்கினால் அறை, சாப்பாடு, போக்குவரத்து அவர்கள் பொறுப்பு, அதையும் எழுத்தில்.

பணம் வரும்போது பெரும்பாலும் டி.டி.எஸ். என்ற வரிப் பிடித்தம், 10 சதவீதம், போகத்தான் வரும். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறியிருந்தால் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம்.

19 ஜூன் 2023

திரைக்கதையைத் தாளில் எந்த வடிவத்தில் எழுதுவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் பார்ப்பதையும் வலது பக்கம் கேட்பதையும் எழுதுவது நம் பழைய முறை. இடது பக்கம் காலியாகவும் வலது பக்கம் நிரம்பியும் இருந்தால் அது இன்னும் நாடகம்தான் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. பழகிய பிறகு, பக்கத்தைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக எழுதும் அமெரிக்க வடிவத்துக்குப் போங்கள், இப்போது நிறைய ஆபீஸில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கைத் தமிழில் நம்பாதீர்கள். அது ஆங்கிலத்தில், குறிப்பிட்ட எழுத்துருவில், குறிப்பிட்ட அளவில் அடித்தால் ஏறக்குறையப் பொருந்துவது. என் ஏழாவது வரைவு 118 பக்கம். நானும் அக்காளும் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து, நடப்பதற்கும் நிற்பதற்கும் நேரம் விட்டுக் கடிகாரத்தில் பார்த்தபோது 2 மணி 40 நிமிடம் வந்தது.

யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்தவர் கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். அனுப்பும்போது பி.டி.எஃப்.

2 ஜூலை 2023

ஒரு அழுகைக் காட்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

மூன்றாவது வரைவில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். தாளில் புருஷன் பெயர், தேதி தேதியாகக் கணக்கு. கடைக்காரர் கடனைத் தள்ளிவிட்டார் என்று புரிகிறது. நன்றியில் அழுகிறாள். டிஸ்கஷனில் எல்லோருக்கும் பிடித்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த காட்சி வரவே இல்லை. என்ன எழுதினாலும் ஒட்டவில்லை. அவள் அழுது முடித்ததும் கதையும் முடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. இன்டர்வலுக்கே இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி.

அந்தச் சமயத்தில் சாலிகிராமம் அறையில் யாரோ விட்டுப்போன தொல்காப்பியப் பொருளதிகாரம் கிடந்தது. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். மனதில் இருப்பது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நான்கு காரணம். அழுகைக்குச் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மைச் சிறுமையாக்குவது இளிவு. இழந்தது இழவு. இருந்த நிலையிலிருந்து தளர்ந்து போவது அசைவு. இல்லாமை வறுமை. நன்றி அந்த நான்கில் இல்லை.

ஆனந்தக் கண்ணீர் உலகத்தில் உண்டுதான். ஆனால் அந்த நான்கையும் அவள்மேல் வைத்துப் பார்த்தேன். இழவு ஏற்கெனவே இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. இளிவில் வந்து நின்றேன். அவள் கேட்காமலே ஒருவர் கடனைத் தள்ளியிருக்கிறார். இவளால் கட்ட முடியாது என்று முடிவு பண்ணியிருக்கிறார். புருஷன் இருந்தவரை மாதா மாதம் கொண்டுவந்து கட்டிய வீடு அது. அவன் போனதும் கணக்கிலிருந்தே கிழித்து எறிந்துவிட்டார்கள். அவள் அதற்குத்தான் அழுகிறாள்.

அழுகைக்குக் காரணம் மாறியதும் அடுத்த காட்சி தானாக வந்தது. சீனியை டப்பாவில் கொட்டிவிட்டுத் தாளை நீவி, தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கிறாள். காலையில் கடைக்குப் போகிறாள். தராசுத் தட்டில் தாளை வைக்கிறாள், மேலே இருநூறு ரூபாய். "அண்ணாச்சி, இதை நோட்டுல திரும்ப ஒட்டுங்க."

அதற்கப்புறம் எழுதுவதற்குக் கஷ்டமே இல்லை. அவர் வாங்க மாட்டேன் என்கிறார், அவள் கொடுக்காமல் போக மாட்டேன் என்கிறாள். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் ரோஷம். அந்தத் தகராறுதான் படம்.

சிறுகதை அவர் கிழிக்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கே முடிந்தது சரிதான். படிக்கிறவர் மிச்சத்தை மனதில் எழுதிக்கொள்வார். படத்துக்கு அந்த முடிவு ஒரு தொடக்கமாகத்தான் உதவும் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் கதை எந்த வரியில் முடிகிறது? அந்த வரிக்கு மறுநாள் காலையில் என்ன நடக்கும்?

3 ஜூலை 2023

அண்ணாச்சி என்பதைச் சென்னையில் ஒருவர் சார் என்று மாற்றச் சொன்னார், எல்லா ஊருக்கும் புரிய வேண்டுமாம். மறுத்தேன். எல்லா ஊரிலும் புரிகிறது. அவர் அவளைத் தாயி என்று கூப்பிடுவதையும் விடவில்லை. இந்த இரண்டு சொல் போனால் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியின் அளவு தெரியாமல் போகும்.

9 செப்டம்பர் 2023

தவறு ஒன்றைத் திருத்த வேண்டும். கேள்வி கேட்ட தங்கை தனியாக விசாரித்தபோது, காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து வருடம் செல்லும், அதனால் என் கதை 2024 ஆகஸ்டில்தான் எனக்குத் திரும்பும் என்று சொல்லியிருந்தேன். பாதிதான் சரி. நண்பரின் மகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கறிஞர். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை முழுதாகப் படிக்கச் சொன்னார்.

காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அது எனக்குத் தெரியும். அதற்கு மேலே இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் ஒப்பந்தம் தானே காலாவதியாகும், வேறு மாதிரி எழுதப்படாவிட்டால். என் கடிதத்தில் வேறு மாதிரி ஒன்றும் எழுதப்படவில்லை. அப்படியானால் 2020 ஆகஸ்டிலேயே கதை என்னிடம் வந்துவிட்டது. 2021-ல் வந்தவரிடம் நான் தைரியமாகக் கொடுத்திருக்கலாம். நான்கு வரியில் இருந்த குறை எனக்கே சாதகம் என்று தெரியாமல் மூன்று வருடம் இருந்திருக்கிறேன்.

வழக்கறிஞர் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். திரைக்கதை எழுத வைத்ததே உரிமையைப் பயன்படுத்தியதுதான் என்று அவர்கள் வாதாடலாம். அதனால் சட்டத்தைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பி, எங்களுக்கு உரிமை இல்லை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்றார். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஒப்பந்தத்தில் இந்த ஒரு வருடம் மூன்று வருடமாக நீட்டப்பட்டிருக்கும். தயாரிப்பாளர்களுக்கும் அது தேவைதான், ஒரு வருடத்தில் படம் தொடங்குவது கஷ்டம். நீட்டலாம். நீட்டுவதற்குத் தனிப் பணம் கேளுங்கள்.

14 அக்டோபர் 2023

கதை சொல்லப் போகிறவர்களுக்காக. ஒருவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாயால் சொன்ன கதைக்குச் சாட்சி இல்லை. போவதற்கு முன்னால் முழுதாக எழுதி வையுங்கள். சொல்லிவிட்டு வந்த அன்றே, இன்று சொன்ன கதையின் சுருக்கம் இத்துடன் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வெறும் ஐடியாவுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. அவர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டுத் தோற்றார். கருவுக்கும் கதைப்போக்குக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, அது எழுதப்பட்ட விதத்துக்குத்தான் உரிமை என்று தீர்ப்பு. மளிகைக் கடைக்காரர் கடனைத் தள்ளுவது யார் வேண்டுமானாலும் எழுதலாம். நோட்டுத் தாளில் சீனி கட்டுவதும், அது தராசுத் தட்டுக்குத் திரும்பி வருவதும், அந்த வரிசையும் என்னுடையவை. கதை எவ்வளவு விவரமாகத் தாளில் இருக்கிறதோ அவ்வளவுதான் அது உங்களுடையது.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை, எழுதியதுமே உரிமை வந்துவிடும். ஆனால் தேதிக்குச் சாட்சி வேண்டும். பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் பதிவு உண்டு. சர்கார் பட விவகாரத்தில் 2007-ல் சங்கத்தில் பதிந்து வைத்த கதைதான் 2018-ல் பேசியது. உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, பதிந்தவருக்குப் படத்தில் பெயர் வந்தது. பதினொரு வருடம் ஒரு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்!

தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்த உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் கிடையாது.

15 அக்டோபர் 2023

நேற்று எழுதியதில் ஒரு பயம் தொனிக்கிறது. திருடிவிடுவார்களோ என்று நினைத்துக் கதையையே சொல்லாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோ-டைரக்டர் கேட்ட கேள்வி இல்லாவிட்டால் எனக்குப் பொட்டலம் வந்திருக்காது. சொல்லுங்கள், நிறையப் பேரிடம் சொல்லுங்கள். எழுதி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

21 ஜனவரி 2024

நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் வந்தேன். அங்கே என் முதல் தொகுப்பின் பதிப்பாளரைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ஊருக்கு வந்ததும் பதிப்பு ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: நாடகம், திரைப்படம் மற்றும் பிற வடிவங்களுக்கான உரிமையும் பதிப்பகத்தைச் சேரும். கையெழுத்துப் போட்டபோது படிக்கவே இல்லை. புத்தகம் வருகிறதே என்ற பூரிப்பில் இருந்தேன்.

அப்படியானால் 2019-ல் நான் விற்றது என்னிடம் இருந்ததா என்பதே கேள்வி. பதிப்பாளரிடம் பேசினேன். அவர் நல்ல மனுஷர். அந்த வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருப்பது, நான் கேட்க மாட்டேன் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். உங்கள் தொகுப்பின் ஒப்பந்தத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பத்திரிகைப் போட்டியில் பரிசு வாங்கிய கதை என்றால் போட்டி விதிகளையும் பாருங்கள்.

புத்தகத்தில் என்ன கிடைக்கும் என்று இளம் நண்பர்கள் கேட்கிறார்கள். வழக்கமான ராயல்டி 10 சதவீதம். விலை 200 ரூபாய் என்றால் பிரதிக்கு 20. முந்நூறு பிரதி விற்றால் 6,000. ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சடித்த காலம் போய், இப்போது தேவைக்கேற்ப இருநூறு முந்நூறு அடிக்கிறார்கள். அதனால் எத்தனை விற்றது என்று எழுத்தில் கேட்பது முன்னைவிட முக்கியம். ஒவ்வொரு மார்ச்சிலும் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். 6,000 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். என் கதையின் கடைக்காரர் 1,840 ரூபாய்க்கு ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு வைத்திருந்தார்.

11 பிப்ரவரி 2024

கதையை மாற்றினால் கதைக்குத் துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூமணியின் வெக்கை கொலையோடு தொடங்கி, அப்பனும் மகனும் தலைமறைவாக அலையும் எட்டு நாளைச் சொல்லும் நாவல். 2019-ல் அசுரன் ஆனபோது அப்பனின் இளமைக் காலம் பெரிய பகுதியாக உள்ளே வந்தது. நாவலில் அது பேச்சோடு பேச்சாக வருவது. நாவல் படிக்கும்போது அவர் யார் என்பது மண்ணும் செடியும் பற்றிய அவர் பேச்சிலேயே நமக்கு ஏறிவிடுகிறது. திரையில் அதற்கு ஒரு கடந்த காலத்தைக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு நாவல்தான் மேல். ஆனாலும் படம் ஏன் அப்படிப் போனது என்பது எழுதிப் பார்த்தவனுக்குப் புரிகிறது.

மாற்றுங்கள். எதை மாற்றவே கூடாது என்று முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது: அவள் கடனைக் கட்டியே தீருவாள்.

12 பிப்ரவரி 2024

பொட்டலத் தாளில் ஒரு சிக்கல் இருந்ததைச் சொல்லவில்லை. கசங்கிய தாளில் இருக்கும் கையெழுத்தைத் திரையில் யாரும் படிக்க மாட்டார்கள். படித்தாலும் யாருடைய பக்கம் என்று அந்த ஒரு நொடியில் புரியாது. அவளைப் பெயரை வாசிக்க வைத்தால் பொய்யாக இருக்கிறது. ஐந்தாவது வரைவில் ஒரு வழி கிடைத்தது. டிரைவர் உயிரோடு இருக்கும் காட்சியில், பற்று எழுதி முடித்ததும் பேனாவை வாங்கி ஓரத்தில் ஒரு சின்ன லாரி வரைகிறான். ஒவ்வொரு தடவையும் வரைவான். கடைக்காரர் திட்டுவார். பிறகு பொட்டலம் பிரியும்போது வரிசையாக லாரிகள் தெரிந்தால் போதும், எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்.

லாரி வரைவது எங்கள் கடை நோட்டில் நிஜமாகவே ஒருவர் செய்தது. அவர் நல்லபடியாக இருக்கிறார்.

17 மார்ச் 2024

இரண்டு செய்தி. கேள்வி கேட்ட தங்கைக்கு ஆறு பக்க ஒப்பந்தம் வந்துவிட்டது. இரண்டு வரைவு, ஒரு மெருகு, மூன்று வருடம், நீட்டிக்கத் தனிப் பணம். கதை, திரைக்கதை இரண்டிலும் பெயர், திரைக்கதையில் இயக்குநரோடு சேர்த்து. ராயல்டி வரியை அடித்திருக்கிறார்கள். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை, தொகையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறார். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் கதையில் அந்தப் பெண் நினைக்கும்போதெல்லாம் பூ கட்டுகிறாளாம். முதல் வரைவில் குரல் மூன்று இடத்தில்தான் வருகிறது என்று எழுதியிருந்தார்.

எனக்கும் பதில் வந்தது. இரண்டு வரி. மேற்படி கதையில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று கையெழுத்தோடு. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்பாவின் பற்று நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

எட்டாவது வரைவைத் தொடங்கிவிட்டேன். இந்தத் தடவை அவள் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், கடைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் போதும். காட்சி 61-ல் கடைக்காரர் தோற்றுப்போய் அந்தத் தாளை நோட்டில் திரும்ப ஒட்டுகிறார். ஏழு வரைவிலும் 'ஒட்டுகிறார்' என்று ஒரே சொல்லோடு விட்டிருந்தேன். எதை வைத்து ஒட்டுவார் என்று அக்காளிடம் கேட்டேன். கோந்து ஏதுடா கடையில, சோத்துப் பருக்கைதான் என்றாள். மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திறக்கிறார். நாலு பருக்கையை எடுத்து நோட்டின் ஓரத்தில் வைத்துப் பெருவிரலால் நசுக்கித் தேய்க்கிறார். அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாளின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் சீனி ஒட்டியிருக்கிறது.